பலூன் கடனா, லீஸா, சொந்தமா: கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு

கார் விற்பனையாளர் நீட்டும் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது மாதத் தவணை. மாதத் தவணையைக் குறைத்து, ஒரு பெரிய தொகையைக் கடைசியில் கட்டச்சொல்லும் பலூன் திட்டத்தை எடைபோடும்போது அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, தாளின் அடியில் உள்ள வரியை முதலில் படித்தேன். கடைசியில் மொத்தமாகக் கட்டவேண்டியது எவ்வளவு, எந்தத் தேதியில், அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகுதான் மாதத் தவணைக்கு ஒரு பொருள் வருகிறது.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு மற்ற ஊர்களைப்போல் இருக்காது. இங்கே காரின் விலையில் பெரும்பகுதி இரும்புக்கும் இயந்திரத்துக்கும் போவதில்லை. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமமான சிஓஇக்கும் ஏஆர்எஃப் என்ற பதிவு வரிக்கும் போகிறது. பத்து ஆண்டு முடிவதற்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால் ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு திரும்பி வரும். அதுதான் பார்ஃப். பலூன் கடனில் கடைசித் தொகையாக நிதி நிறுவனம் ஒதுக்கிவைப்பது பெரும்பாலும் இந்தப் பார்ஃப் பணத்தைத்தான். உங்களுக்கு வரவேண்டிய பணத்தை அடகாக வைத்துக்கொண்டு, அதற்கும் கடன் காலம் முழுக்க வட்டி வாங்குகிறார்கள். தவணை குறைவதன் காரணம் இவ்வளவுதான். காரின் விலை ஒரு வெள்ளிகூடக் குறைவதில்லை.

முன்பணமும் குறையாது. 2016 மே மாதத்தில் சிங்கப்பூர் நாணய வாரியம் தளர்த்திய விதிப்படி, ஓஎம்வி எனப்படும், வரிகள் சேர்க்குமுன் உள்ள மதிப்பு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை கடன். அதைத் தாண்டினால் 60 விழுக்காடு. கடன் காலம் அதிகபட்சம் ஏழு ஆண்டு. பலூன் தொகையும் இந்தக் கடனுக்குள் அடக்கம்தான். "பலூன் எடுத்தால் முன்பணம் கம்மி" என்று யாராவது சொன்னால், மிச்சத் தொகை எந்தப் பெயரில் எந்தத் தாளில் ஏறுகிறது என்று கேளுங்கள். தனியாக இன்னொரு கடன் ஒப்பந்தம் வெளியே வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

இப்போது எண்கள். 2024ல் பதிவான ஒரு சிறிய கார் என்று வைத்துக்கொள்வோம். ஓஎம்வி 20,000. சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, 4,000. இரண்டின் மேலும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, 2,160. ஏஆர்எஃப் 20,000. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ ஒரு லட்சம் என்று கொண்டால் 1,46,510 வெள்ளி ஆகிறது. விற்பவரின் இலாபம் சேர்ந்து விலை 1,60,000 என்று கொள்வோம். 70 விழுக்காடு கடன் 1,12,000. கையிலிருந்து போடவேண்டியது 48,000.

சாதாரணக் கடன், ஏழு ஆண்டு, 2.5 விழுக்காடு நிலையான வட்டி. வட்டி மொத்தம் 19,600. மாதம் 1,567 வெள்ளி. இந்த 2.5 என்பது விளம்பர வட்டி. கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே போடப்படுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 விழுக்காடு. வங்கியிடம் "எஃபெக்டிவ் ரேட் எவ்வளவு" என்று கேட்டால் சொல்லவேண்டியவர்கள்தான். கேட்காவிட்டால் பேச்சில் வராது.

அதே காருக்குப் பார்ஃப் பத்தாம் ஆண்டில் ஏஆர்எஃப்பில் பாதி, அதாவது 10,000. அதைப் பலூனாக வைத்து, அதே 4.7 விழுக்காட்டில் கணக்கிட்டால் தவணை சுமார் 1,466. மாதம் நூறு வெள்ளி மிச்சம். 84 மாதத்தில் சுமார் 8,400 குறைவாகக் கட்டி, முடிவில் 10,000 கட்டுகிறோம். கூடுதல் செலவு 1,600 வெள்ளிக்குப் பக்கம். சிறிய காரில் பலூன் எடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆபத்தும் சிறியது, பயனும் சிறியது.

ஓஎம்வி ஏற ஏறத்தான் திட்டம் கவர்ச்சியாகிறது. 2023 பிப்ரவரிக்குப் பிந்தைய ஏஆர்எஃப் அடுக்குப்படி முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190. ஆக 2024ல் பதிவான, ஓஎம்வி 60,000 உள்ள காருக்கு ஏஆர்எஃப் மட்டும் 86,000. அதில் பாதி 43,000 பலூனாகப் போகிறது. விலை 3,20,000 என்றால் 60 விழுக்காடு கடன் 1,92,000. சாதாரணத் தவணை 2,687, பலூன் தவணை 2,253. மாதம் 430 வெள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது என்று மனம் மகிழும். ஏழாம் ஆண்டின் முடிவில் 43,000 வெள்ளி கேட்டுக் கடிதம் வரும். மொத்த வட்டியில் சுமார் 6,600 கூடியிருக்கும்.

கடன் ஏழு ஆண்டு, சிஓஇ பத்து ஆண்டு. சிக்கல் இந்த மூன்று ஆண்டு இடைவெளியில்தான் பிறக்கிறது. காரை ஏழாம் ஆண்டிலேயே விட்டுவிடுவதானால் கவலை குறைவு. மேலே சொன்ன பதிவுத் தேதிக்குரிய விதியில் ஐந்து ஆண்டுக்குள் பார்ஃப் 75 விழுக்காடு, பின் ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக இறங்கி, ஏழு நிறைவதற்குள் 65. பெரிய காருக்கு அது 55,900. மீதமுள்ள மூன்று ஆண்டு சிஓஇயின் மதிப்பும் சேர்ந்தால் பலூன் தொகையைத் தாராளமாகத் தாண்டும். பத்தாம் ஆண்டு வரை ஓட்ட நினைப்பவருக்கோ ஏழாம் ஆண்டில் 43,000ஐ ரொக்கமாகப் புரட்ட வேண்டும். பார்ஃப் மூன்று ஆண்டு கழித்துத்தான் வரும். மறுகடன் கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்திடக் கூடாது. அந்த 43,000ஐ மாதம் சுமார் 512 வீதம் ஒரு தனிக் கணக்கில் போட்டு வருவேன் என்பவர், சாதாரணக் கடனையே எடுக்கலாமே.

பத்தாம் ஆண்டில் சிஓஇயைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் பலூன் இன்னும் பொருந்தாது. புதுப்பித்த அன்றே பார்ஃப் போய்விடும். பிக்யூபி எனப்படும் மூன்று மாதச் சராசரி விலையையும் கட்டவேண்டும். ஏற்கெனவே புதுப்பித்த பழைய காருக்கு யாராவது பலூன் திட்டம் சொன்னால், அந்தக் கடைசித் தொகைக்குப் பின்னால் அரசு திருப்பித்தரும் பணம் எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பார்ஃப் விகிதமும் உச்சவரம்பும் காரின் பதிவுத் தேதியைப் பொறுத்தவை. நிதிநிலை அறிக்கையில் மாற்றப்படுபவை. 2023 பிப்ரவரி மாற்றத்தில் 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது. உங்கள் காருக்கு எந்த விதி என்பதை ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்த பிறகே பலூன் தொகையோடு ஒப்பிடுங்கள். பார்ஃப் சிறுத்தால் பலூனின் அடித்தளமும் சிறுக்கும்.

"முடிவில் நாங்களே காரை எடுத்துக்கொள்கிறோம்" என்ற வாக்குறுதி இன்னொரு வகை. இதில் பெரும்பாலும் இரண்டு ஒப்பந்தம் இருக்கும். கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்தோடு. திரும்ப வாங்கும் ஒப்பந்தம் விற்பனையாளரோடு. விற்பனையாளர் கடையை மூடினாலும், ஏதோ ஒரு நிபந்தனையைச் சுட்டி மறுத்தாலும், கடன் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், சர்வீஸ் எங்கே செய்யவேண்டும், ஒரு சர்வீஸ் ஒரு மாதம் தள்ளிப்போனால் என்ன, விபத்தில் ஒரு கதவு மாற்றினால் எவ்வளவு கழிப்பார்கள், காரைத் திருப்பித் தரப்போவதை எத்தனை மாதம் முன்பு சொல்லவேண்டும்: இத்தனையும் எழுத்தில் வேண்டும். திரும்ப வாங்கும் தொகை பலூன் தொகைக்குச் சமமா என்பதை இரு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நூறு வெள்ளி வேறுபாடு எழுத்துப்பிழைபோலத் தோன்றும், கட்டவேண்டியவர் நீங்கள்தான்.

நடுவில் கடனை முடிக்கும் கணக்கையும் கையெழுத்திடும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். இங்கே பல நிறுவனங்கள் 78 விதியைப் பயன்படுத்துகின்றன. 84 மாதக் கடனுக்கு 1 முதல் 84 வரை கூட்டினால் 3,570. முதல் மாதத்துக்கு வட்டியில் 84 பங்கு, அடுத்த மாதத்துக்கு 83 பங்கு என்று முன்பாரமாக ஏற்றுவார்கள். மூன்று ஆண்டு முடிந்து 48 மாதம் மீதமிருக்கும்போது மீதமுள்ள பங்கு 1,176. காலத்தில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தும், வட்டியில் மூன்றில் ஒரு பங்குதான் தள்ளுபடிக்கு உரியது. அதிலும் 20 விழுக்காடு அபராதமாகக் கழிப்பது வழக்கம். மேலே சொன்ன சிறிய காருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் சாதாரணக் கடனை அடைக்க சுமார் 70,000 வேண்டும். பலூனில், அதே முறையில், சுமார் 74,800. அன்றைக்கு அந்தக் காரின் பேப்பர் வேல்யூ, அதாவது பதிவுநீக்கினால் அரசு திருப்பித்தரும் தொகை, சிஓஇயில் 70,000, பார்ஃபில் 15,000, ஆக 85,000. கடனை அடைக்கலாம். போட்ட 48,000 முன்பணத்தில் எவ்வளவு மீளும் என்பதைச் சந்தைதான் சொல்லும்.

அந்தச் சந்தையின் குணத்துக்கு ஒரே சான்று போதும். 2023 அக்டோபர் இரண்டாம் ஏலத்தில் ஏ பிரிவு சிஓஇ 1,06,000 வெள்ளி. 2024 ஜனவரி முதல் ஏலத்தில் 65,010. அக்டோபரில் வாங்கியவரின் காரைப் போன்ற புதுக்கார் மூன்று மாதத்தில் நாற்பதாயிரம் குறைய வாய்ப்பு வந்தது; அவருடைய பழைய காருக்கும் அந்த அளவில்தான் விலை பேசுவார்கள். விபத்தில் கார் முழுதும் போனாலும் காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை விலையைத்தான் தரும், அதுவும் முதலில் நிதி நிறுவனத்துக்கு. பலூன் கடனில் பாக்கி மெதுவாகக் குறைவதால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம்.

மாத வாடகைக்குக் கார் எடுக்கும் லீஸ் இந்த இடத்தில்தான் தன் விலைக்குப் பொருள் தருகிறது. சிஓஇ ஏறினாலும் இறங்கினாலும் அது நிறுவனத்தின் தலைவலி. ஒப்பிடும்போது தவணையோடு வாடகையை ஒப்பிடக் கூடாது. சிறிய காரைப் பத்தாண்டு வைத்திருந்தால் டெப்ரே எனப்படும் மதிப்புத் தேய்மானம் ஆண்டுக்கு 15,000, வட்டி பங்கிட்டால் 1,960, 1.6 லிட்டர் காருக்குச் சாலை வரி சுமார் 740, காப்பீடு 1,500, பராமரிப்பு 1,000 என்று கொள்வோம். மாதம் 1,680 வெள்ளி. 48,000 முன்பணத்தை 2.5 விழுக்காட்டில் போட்டிருந்தால் வரும் மாதம் நூறு வெள்ளியையும் சேர்த்தால் 1,780. லீஸ் 2,000 என்று சொன்னால் மீதி 220 வெள்ளிதான் நீங்கள் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை. இரண்டு மூன்று ஆண்டில் ஊர் மாறக்கூடியவருக்கு, வேலை அனுமதியில் இருப்பவருக்கு, அது நியாயமான விலை. எட்டுப் பத்து ஆண்டு ஓட்டப்போகும் குடும்பத்துக்கு நான் லீஸைச் சொல்ல மாட்டேன்.

லீஸ் ஒப்பந்தத்தில் பணம் கசியும் இடங்கள் சில. காப்பீட்டில் விபத்தின்போது நீங்களே ஏற்கவேண்டிய எக்சஸ் தொகை, குறிப்பாக இளைய ஓட்டுநருக்கு எவ்வளவு. முன்கூட்டி முடித்தால் மீதி மாதங்களில் எத்தனை மாத வாடகை. மாற்றுக் கார் உண்டா. திருப்பித் தரும்போது எந்தக் கீறலுக்குப் பணம். எடுக்கும் நாளிலேயே சக்கர விளிம்பு, கூரை, இருக்கை, கிலோமீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஜோகூருக்கு அடிக்கடி போகிறவர்கள் மலேசிய அனுமதிக்குத் தனிக் கட்டணம் உண்டா, மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியான விஇபி நிறுவனத்தின் பெயரில் ஏற்கெனவே பதிவாகி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் விஇபி இல்லாத சிங்கப்பூர்க் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசி அடிப்பதில் பயனில்லை. இன்னொன்று, பலர் மறப்பது: லீஸ் காரின் காப்பீடு உங்கள் பெயரில் இல்லாததால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்சிடி வளராது. ஏற்கெனவே 50 விழுக்காடு சேர்த்தவர், அது எத்தனை மாதம் செல்லுபடியாகும் என்று தன் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கடன் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத வருமானத்தில் எல்லாக் கடன் தவணைகளுக்கும் போகக்கூடிய பங்கை வரையறுக்கும் டிடிஎஸ்ஆர் 55 விழுக்காடு வரம்புக்குள் கார்க் கடன் தவணையும் கணக்கில் வரும். பலூன் தவணை குறைவாக இருப்பது அங்கே உதவும் என்பது உண்மை. அந்த ஒரு காரணத்துக்காக எடுப்பவர் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலூனுக்கான சேமிப்பைத் தொடங்கிவிட வேண்டும்.

கார்க் கடைகள் உள்ள உபியிலோ சின் மிங்கிலோ லெங் கீ சாலையிலோ விலை கேட்கும்போது இரண்டு விலை கேளுங்கள்: அவர்கள் கடனோடு ஒன்று, சொந்த வங்கிக் கடனோடு ஒன்று. "எங்கள் கடனை எடுத்தால் தள்ளுபடி" என்பதன் உண்மை விலை அப்போதுதான் தெரியும். பல இடங்களில் தள்ளுபடியைவிட வட்டி வேறுபாடு பெரிதாக இருக்கும்.

கடைசியாகத் தேதிகள். பலூன் கட்டவேண்டிய நாளும் பார்ஃப் கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. பதிவுநீக்கம் செய்து, ஒரு மாதத்துக்குள் காரை உடைப்பிடத்திலோ ஏற்றுமதியாளரிடமோ ஒப்படைத்த சான்று போன பிறகுதான் பணம் விடுபடும். கடன் பாக்கி இருந்தால் முதலில் நிதி நிறுவனத்திடம் முழுத்தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தொகைக்குச் செல்லுபடித் தேதி உண்டு, தவறினால் புதிதாகக் கேட்க வேண்டும். இந்த இடைவெளிக்காகப் பலூன் தொகையை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். அல்லது காரை எடுக்கும் வியாபாரியே நிதி நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டுவதாக ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதி வாங்கிவிடுங்கள்.