சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை: அப்பா பெயரில் இருந்த பழைய சிம்மை மாற்றிய அனுபவம்

உங்கள் வீட்டில் யாராவது பத்துப் பதினைந்து வருடமாக ஒரே சிம் கார்டை வைத்துக்கொண்டு, புது போன் வாங்கியும் வாட்சாப் ஓடவில்லை என்று சொன்னால், போனையும் டவரையும் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கார்டை ஒரு தரம் பாருங்கள். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் அம்மாவுக்கு நடந்ததை விவரமாக எழுதுகிறேன். நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலர் வீட்டில் இதே கதைதான் இருக்கும்.

அம்மாவின் எண் அப்பா வாங்கியது, பட்டன் போன் காலத்தில். 2006இல் ப்ரீபெய்டு எண்களையெல்லாம் ஐசி (அடையாள அட்டை) காட்டிப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது, டவுனுக்குப் போகிறவர் அப்பாதான் என்பதால் தன் ஐசியைக் கொடுத்துப் பதிந்துவிட்டு வந்தார். அவர் காலமான பிறகும் அம்மா டாப் அப் போட்டுக்கொண்டே இருந்தார். எண் ஓடிக்கொண்டிருந்ததால் அது யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தம்பி ஒரு 3ஜி போன் கொடுத்தான். அதில் வாட்சாப் மெதுவாகத்தான் வரும், ஆனாலும் வரும். பேரப்பிள்ளைகளின் குரல் கேட்டால் அம்மாவுக்கு அது போதும். அரசாங்கத்தின் ஜென்டேலா என்கிற இணைய மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் 2021 இறுதியோடு நாடு முழுக்க 3ஜி நிறுத்தப்பட்டது. 2ஜியை விட்டுவைத்தார்கள், அதனால் அழைப்பு வந்தது, போனது. நெட் மட்டும் படுத்துவிட்டது. சரி, போன்தான் பழசு என்று தம்பி புது 4ஜி போன் வாங்கி அனுப்பினான்.

பழைய கார்டு பெரியது, 25க்கு 15 மில்லிமீட்டர். புது போனுக்கு நானோ சிம் வேண்டும், 12.3க்கு 8.8. கடையில் கட்டர் வைத்து வெட்டிக் கொடுத்தார்கள். நானோ கார்டு கொஞ்சம் மெல்லியதும்கூட, அதனால் வெட்டிய கார்டு தட்டில் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்துவிட்டதால் வேலை செய்யும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போனைத் திறந்தால் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, பக்கத்தில் ‘ஈ’ என்று ஓர் ஆங்கில எழுத்து. அது எட்ஜ், 2ஜியோடு வரும் பழைய நெட். ஒரு படம் இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும்.

“இங்க லைன் அப்படித்தான்மா, மலை மறைக்குது” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் என் போனிலிருந்த கார்டைக் கழற்றி அம்மாவின் புது போனில் போட்டேன். அதே திண்ணை, அதே நாற்காலி, உடனே 4ஜி வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நிறுவனத்தின் சேவைதான். அம்மாவின் கார்டை என் போனில் போட்டால் இங்கேயும் ‘ஈ’. ஆக டவரிலும் குறையில்லை, போனிலும் குறையில்லை. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், காசு செலவில்லை. ஒரே நிறுவனத்தின் கார்டாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், இல்லையென்றால் டவரே வேறாகிவிடும்.

பழைய கார்டு ஏன் 4ஜியில் ஏறுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடைக்காரர்கள் சிலருக்கே இது தெரியவில்லை. 2ஜி காலத்து சிம்மில் சரிபார்ப்பு ஒரு பக்கம்தான். ‘நீ யார்’ என்று நெட்வொர்க் கார்டைக் கேட்கும்; கார்டு நெட்வொர்க்கைத் திருப்பிக் கேட்காது. போலி டவர் வைத்து ஏமாற்ற அதனால் வழி இருந்தது. அந்தக் கால கார்டுகள் பலவற்றில் இருந்த ரகசியக் கணக்கீட்டை 1998இலேயே உடைத்தும் காட்டிவிட்டார்கள். 3ஜியோடு வந்த யூசிம்மில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சரிபார்க்கும். 3ஜி நெட்வொர்க் பழைய சிம்மையும் சேர்த்துக்கொண்டது. 4ஜிக்கு விதி எழுதியவர்கள் 2ஜி சிம்மை உள்ளே விடக்கூடாது என்றே எழுதிவிட்டார்கள். அதனால்தான் 3ஜி இருந்தவரை அம்மாவின் கார்டு ஓடியது, 3ஜி போனதும் 2ஜியில் விழுந்தது. எவ்வளவு விலை கொடுத்து போன் வாங்கினாலும் அந்தக் கார்டு மேலே ஏறாது.

டவுனில் டீலர் கடைக்குப் போனோம். கடை அண்ணன் நல்ல மனிதர். “புது நம்பர் எடுத்துக்குங்க தங்கச்சி, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்றார். பலர் இதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், அங்கேதான் நான் சண்டை பிடிப்பேன். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் வருகிற வங்கிக் கணக்குக்கு அந்த எண்தான். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடான டேக் எண் அதற்குத்தான் வந்தது. கிளினிக் அட்டையில் அந்த எண், சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அந்த எண். பழைய எண்ணை விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அது வேறு யாருக்காவது போய்விடும், வங்கிக் குறுஞ்செய்தியும் கூடவே போகும். எண் மாறாமல் கார்டு மட்டும் மாற வேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன்.

அண்ணன் அம்மாவின் ஐசியை வாங்கிக் கணினியில் பார்த்தார். பெயர் சேரவில்லை. அப்பா பெயர். “ஓனர் வந்தாத்தான் மாத்த முடியும்” என்றார். ஓனர் இறந்துவிட்டார் என்றதும் ஈப்போவில் உள்ள நிறுவனத்தின் நேரடிச் சேவை மையத்துக்குப் போகச் சொன்னார். முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் கார்டு.

மையத்துக்கு போன் செய்து கேட்டபோது அப்பாவின் இறப்புப் பத்திரம், அம்மாவின் ஐசி, இருவருக்கும் உள்ள உறவைக் காட்டும் பத்திரம் வேண்டும் என்றார்கள். உறவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா அப்பா கல்யாணம் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில், 1970களில் நடந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1982 மார்ச் 1இல்தான். அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் கையில் தாள் கிடையாது. இதை நீட்டி விளக்கிக்கொண்டிருக்காமல் என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் போனேன். அதில் தகப்பன் பெயர், தாய் பெயர், இருவரின் ஐசி எண் எல்லாம் இருந்தன. கவுண்டர்ப் பெண் அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் இதே சிக்கல் என்றால் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது பெருவிரல். மைகார்டை, அதாவது சிப் வைத்த ஐசியை, கருவியில் செருகி ரேகை வைக்க வேண்டும். வலது பெருவிரலை அம்மா வைக்க வைக்கச் சிவப்பு விளக்குதான் எரிந்தது. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டிய கை, பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிய கை. ரேகை தேய்ந்து விரல் நுனி வழவழவென்று இருக்கிறது, நடுவில் ஒரு பழைய கத்திக் காயம். அம்மா என்னமோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “பரவாயில்லை ஆண்ட்டி, அவசரமில்லை” என்று மலாயில் சொல்லி அந்த மலாய்க்காரப் பெண் ஈரத் தாள் ஒன்றைக் கொடுத்தார். மைகார்டில் இரண்டு பெருவிரல் ரேகையும் இருக்கும், இடது கையை வைக்கலாம் என்று அவரே சொன்னார். இடது பெருவிரலை ஈரத் தாளால் ஒற்றி, கொஞ்சம் அழுத்தி வைத்ததும் பச்சை எரிந்தது.

கார்டைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலையை முடித்திருந்தேன். பழைய சிம்மிலிருந்த பெயர்களையெல்லாம் போனுக்கு நகல் எடுத்தேன். புது கார்டு வெறுமையாகத்தான் வரும், பழைய கார்டில் உள்ளது தானாக அதற்குள் போகாது. பழைய சிம்மில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று அளவு உண்டு, அதனால் அப்பா சேமித்த பெயர்கள் பாதியில் நிற்கின்றன. ‘சித்தியவான் மா’ என்று இருந்தால் அது சித்தியவான் ஊர் மாமாவா மாமியா என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, ஆனால் அவசியமான வேலை.

புது கார்டு போட்டுக் கொஞ்ச நேரத்தில் பழையது செத்தது, மதியத்துக்குள் அம்மாவின் எண் 4ஜியில் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் தரும் கார்டு எல்லாம் யூசிம்தான். 4ஜியின் துணையோடு ஓடுகிற 5ஜிக்கும் அதுவே போதும். செலவும் பெரிதாக ஒன்றுமில்லை, பஸ் காசைச் சேர்த்தாலும். அலைச்சல் எல்லாம் பெயருக்காகத்தான். பதிந்தவர் உயிரோடு இருக்கும்போதே இருவரும் ஐசியோடு கவுண்டருக்குப் போனால் இத்தனை பத்திரம் தேவைப்படாது. எங்கள் வீட்டு வரிசையிலேயே அப்பா பெயரிலும் அண்ணன் பெயரிலும் எண் வைத்திருக்கிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

கடைசியாக ஒன்று. 4ஜி வந்த பிறகும் அம்மா பேசும்போது நெட் நின்றுவிடுவதைக் கவனித்தேன். அழைப்பு மட்டும் 2ஜிக்கு இறங்கிப் போகிறது. போன் அமைப்பில் சிம் பகுதிக்குப் போய் ‘வோல்ட்டி’ என்கிற 4ஜி அழைப்பு வசதியைப் போட்டுவிட்டேன். இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே பேத்தியின் படமும் வந்து சேர்கிறது, குரலும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது.