மேரி ரோஸ் கப்பலின் மரக்கிண்ணங்கள்

இங்கிலாந்தின் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்துக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று அங்கே பார்த்த மரக்கிண்ணங்கள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்பதால், முதலில் அவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், கரையில் அரசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத்தை ஒட்டிய சொலன்ட் கடலில் மூழ்கியது. 1982-இல் மேலே தூக்கப்பட்ட அதன் ஒரு பக்கமும், உள்ளிருந்து கிடைத்த 19,000-க்கும் அதிகமான பொருள்களும் இன்று அதே ஊரில் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஹென்றியின் வம்சமான டியூடர்களின் கால அரண்மனைகளுக்குப் போனால் சீமான்களின் வாழ்க்கைதான் தெரியும். ஏழையின் காலணியையும் சீப்பையும் எந்த அரண்மனையும் பாதுகாத்து வைக்கவில்லை. கடலடிச் சேறு பாதுகாத்திருக்கிறது.

துணைக் கடற்படைத் தலைவர் சர் ஜார்ஜ் கேரூ உண்டது பளபளக்கும் வெள்ளீயத் தட்டில். கப்பல் தச்சருக்குத் தனி அறையும் பொழுதுபோக்கப் பகடைப் பலகையும் இருந்தன. சாதாரண மாலுமிக்கோ ஒரு மரக்கிண்ணம். அதன்மேல் கத்தி முனையால் கீறிய சில கோடுகள். எழுத்தறியாதவன் தன் கிண்ணத்தை அடையாளம் காண வேறு என்ன வழி? கப்பலின் அடித்தளத்தில் செங்கல் அடுப்பின் மேலிருந்த பெரிய கொப்பரையில் வெந்த உப்பிட்ட இறைச்சியும், காய்ந்த பிஸ்கட்டும், நாளொன்றுக்கு ஒரு கேலன் பீரும்தான் அவன் உணவு. கப்பலில் கிடைத்த மிளகு, கடல் கடந்து வந்த சரக்கு என்பதால், வசதியுள்ளவரின் உடைமையாகவே இருந்திருக்கும். சில சீப்புகளின் பற்களுக்கிடையே அக்காலத்து ஈர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நுழைவுச் சீட்டின் விலை கையைக் கடித்தாலும் அது நியாயமான செலவு. டாக்சிக்குக் கொடுத்ததுதான் அநியாயம். போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. அது தெரியாமல் முந்தைய நிலையத்தில் இறங்கிய என்னை, ஓட்டுநர் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு 14 பவுண்டு வாங்கிக்கொண்டார். என் இரண்டு வேளைச் சாப்பாட்டுப் பணம் அது. நீங்கள் ஹார்பர் வரை போய் இறங்குங்கள்.

எதிரிகள் ஏறிவிடாதபடி மேல்தளத்தில் கட்டியிருந்த வலையே உள்ளிருந்தவர்களுக்கு எமனாயிற்று. சுமார் 500 பேரில் 35 பேர்கூடப் பிழைக்கவில்லை, கேரூவும் மாண்டார். மூடும் நேரம் வரை அந்தக் கிண்ணங்களின் முன்னால் நின்றிருந்ததால் லண்டன் ரயிலைத் தவறவிட்டேன். மலிவாக முன்பதிவு செய்த டிக்கெட் வீணானதற்கு எனக்கு வருத்தமே இல்லை.