இந்த வருஷம் கிளாசிக் மட்டும், அதுவும் அப்பத்தாவோட

ஜனவரி பொறந்தாலே வாட்ஸப் ஸ்டேட்டஸ் பூரா வாசிப்பு சேலஞ்சுதான். வாரத்துக்கு ஒண்ணுன்னு 52, இல்ல நூறுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. எனக்கு இந்த எண்ணிக்கைல சுத்தமா நம்பிக்கை இல்லை. நூறு முடிக்கணும்னா கை தானா மெலிசான புத்தகமாத் தேடிப் போகும், இளங்கோவையும் கம்பனையும் எவன் தொடப்போறான்? அதனால இந்த வருஷம் கிளாசிக் மட்டும், எத்தனை முடிஞ்சாலும் சரின்னு இறங்கியாச்சு.

திட்டம் ரொம்ப சிம்பிள். தினம் காலைல காபி ஆறுறதுக்குள்ள ஒரு குறுந்தொகைப் பாட்டு. நாலுலேர்ந்து எட்டு வரிதான், ஒண்ணு ரெண்டு பாட்டு மட்டும் ஒன்பது வரி போகும். கடவுள் வாழ்த்தை விட்டுட்டு மொத்தம் 401 பாட்டு இருக்கு, அதனால அடுத்த வருஷத்துலயும் ஒரு மாசத்துக்கு மேல ஓடும், ஓடட்டுமே. முதல் மூணு மாசம் சிலப்பதிகாரம், பங்குனி பக்கத்துல கம்பன், அதுக்கப்புறம் நாவல். ஒரே ஒரு கண்டிஷன், செய்யுளா இருந்தா வாய்விட்டுத்தான் படிக்கணும். இந்தப் பாட்டெல்லாம் பெரும்பாலும் அகவல்ங்கற பா வகை, அது கண்ணுக்குப் பிடிபடாது, காதுக்குத்தான் பிடிபடும். மனசுக்குள்ள படிச்சா மூணாவது வரில போனை எடுத்துருவோம், இது எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான்.

காசு செலவில்லாமயே ஆரம்பிக்கலாம், மதுரைத் திட்டம்ங்கற இணைய நூல் தொகுப்புல மூலம் எல்லாம் சும்மாவே கிடைக்குது, 1998லேர்ந்து ஆர்வலர்களா உக்காந்து டைப் பண்ணி ஏத்திக்கிட்டிருக்காங்க. ஆனா மூலம் மட்டும் போதாது, உரை வேணும். சிலம்புக்கு நான் வச்சிருக்கறது ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை, குறுந்தொகைக்கு உ.வே.சா. 1937ல போட்ட உரை. உரை பாக்காம படிக்கறதுதான் கெத்துன்னு சில பேர் திரியறாங்க, அவங்களை நம்பாதீங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். வாய்விட்டுப் படிக்கறதுன்னு வச்சதும் பட்டாலைல, அதாவது வீட்டுக் கூடத்துல உக்காந்து படிச்சேனா, அப்பத்தா முறத்துல உளுந்தைப் போட்டுப் பொடைச்சுக்கிட்டே கேக்க ஆரம்பிச்சிட்டாக. அவுக படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு வரைக்கும்தான். நான் நாலு வரி படிச்சு அர்த்தம் சொல்றது, அவுக அதுக்கு ஒரு தீர்ப்பு சொல்றது, அப்படியே ஓடுது.

சிலப்பதிகாரத்துல, மனையறம் படுத்த காதைல ஒரு இடம். கோவலனோட அம்மா புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைகளைத் தனியா ஒரு மனைல குடிவைக்கிறாங்க, விருந்து ஓம்பறது, அறம் செய்யறது எல்லாம் கண்ணகி தானா நடத்திப் பேரு எடுக்கணும்னு. நான் உரையைப் புரட்டிக்கிட்டிருக்கேன், அப்பத்தா முறத்துலேர்ந்து தலையைக்கூடத் தூக்கல, "வேறு வச்சிட்டாக, அவ்வளவுதானே"ன்னாக. எங்க பக்கம் இது இன்னிக்கும் தெரிஞ்ச பழக்கம். கல்யாணம் முடிஞ்சதும் மகனையும் மருமகளையும் வேறு வச்சிருவாக, அதே வீடு, அதே வளவு, ஆனா அடுப்பு தனி, அரிசி பருப்புக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் கொடுத்துருவாக, சண்டை போட்டுப் பிரியறது இல்ல, குடும்பம் நடத்தப் பழகறது. நாங்க நகரத்தார், அதாவது செட்டியார், எங்க பூர்வீகமே காவிரிப்பூம்பட்டினம்தான், அங்கேர்ந்துதான் பாண்டிய நாட்டுக்கு வந்தோம்னு வழிவழியாச் சொல்லுவாக. அதுக்கு இதைச் சாட்சியா வைக்க நான் வரல, வியாபாரக் குடும்பம்னா எங்கயும் இப்படி இருந்திருக்கலாம். ஆனா அப்பத்தாவுக்கு அதுக்கப்புறம் கண்ணகி நம்ம வீட்டுப் பிள்ளை ஆயிட்டா.

அந்த வாரமே குறுந்தொகைல 167ஆம் பாட்டையும் முன்னாடி இழுத்துப் படிச்சுக் காட்டினேன், கூடலூர் கிழார் பாட்டு. புதுசாத் தனிக்குடித்தனம் போன பொண்ணு தயிரைப் பிசைஞ்ச விரலைச் சேலைலயே தொடைச்சுக்கிட்டு, தாளிக்கிற புகை கண்ணுல ஏற ஏற புளிக்குழம்பு வைக்கிறா, புருஷன் சாப்பிட்டுட்டு 'இனிது'ங்கறான், அவ மூஞ்சில லேசா ஒரு சந்தோஷம், அவ்வளவுதான் பாட்டு. அப்பத்தா கேட்டது, "அந்தச் சேலையத் தொவைச்சாளா?" பாட்டுல தொவைக்காமலேதான் கட்டியிருக்கா, 'கழாஅது உடீஇ'ன்னு தெளிவாவே இருக்குன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாக.

சண்டை வந்தது கனாத்திறம் உரைத்த காதைலதான். மாதவியை விட்டுட்டு வந்த கோவலன், குலத்துச் சொத்தெல்லாம் தொலைஞ்சு போச்சு, வெக்கமா இருக்குங்கறான். கண்ணகி சிரிச்ச முகமா 'சிலம்பு உள கொண்ம்'னு மூணே வார்த்தைல முடிச்சிடறா. மாதவிக்குக் கொடுக்கத்தான் காசில்லைன்னு பேசறான்னு நினைச்சு அவ சொன்னதா உரைல இருக்கு, இவனோ அதையே முதலா வச்சு மதுரைல சம்பாதிக்கறேங்கறான். அப்பத்தா முறத்தைக் கீழ வச்சிட்டாக. 64ல பர்மாலேர்ந்து ஐயா, அதாவது எங்க தாத்தா, வெறுங்கையோட வந்து எறங்கினப்ப இவுகளும் கழுத்திருங்கற தாலியைத் தவிர மத்த எல்லாத்தையும் கழட்டிக் கொடுத்தவுகதான், அதனால நகை கொடுத்தது சரிங்கறாக. "ஆனா அவளையும் எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான்? கொண்டுவிக்க, வெளியூருக்குச் சம்பாதிக்கப் போறவன் தனியால போகணும். எங்கப்பச்சி மூணு வருஷக் கணக்குக்கு ரங்கூனுக்குப் போனா எங்காத்தா இங்கதேன் இருந்தாக."

அப்புறம் மதுரை. கோவலன் தெருவுல எதிர்ல வர்ற அரண்மனைப் பொற்கொல்லன்கிட்ட நேரா சிலம்பைக் காட்டி இதுக்கு விலை போடுவியாங்கறான் பாருங்க, அதுக்கு அப்பத்தா விட்ட திட்டு இங்க எழுதற மாதிரி இல்லை. "முன்னப்பின்ன தெரியாத ஊரு, நாலு கடை விசாரிக்க வேணாமாய்யா? செட்டிப் பிள்ளையா அவன்?" ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்னு பதிகத்துலயே இருக்கு அப்பத்தான்னா, "வெசாரிக்காமக் கொடுத்துட்டு ஊழாம் ஊழு"ன்னாக. சிலம்பைப் பத்தி கனமான கட்டுரையெல்லாம் படிச்சிருக்கேன், கோவலனை ஒரு வியாபாரியா நிக்க வச்சு இப்படிக் கேள்வி கேட்டதை நான் எங்கயும் பாத்ததில்லை. அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி வீட்டுல கண்ணகி கடைசியாச் சமைக்கிற இடத்துல மட்டும் குரல் எறங்கிருச்சு, என்னென்ன காய் வந்துச்சுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டாக. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால்.

அடுத்தது கம்பன். காரைக்குடிப் பக்கம் இருந்துக்கிட்டு கம்பனை விட்டா ஊர்ல தலைகாட்ட முடியாது. 1939ல சா. கணேசன் இங்க கம்பன் கழகம் ஆரம்பிச்சதுலேர்ந்து பங்குனில விழா, கடைசி நாள் நாட்டரசன்கோட்டைல கம்பன் சமாதில. பத்தாயிரத்துக்கு மேல பாட்டு, ஒரு வருஷத்துல முடிக்கணும்னா தினம் கிட்டத்தட்ட முப்பது ஆகுது, ஆபீஸ் வேலையும் பாத்துக்கிட்டு அது நடக்காது. அயோத்தியா காண்டம் மட்டும்னு வச்சிருக்கேன்.

நாவல் பக்கம் பெருசா யோசிக்கல. 1879ல வந்த பிரதாப முதலியார் சரித்திரத்துல ஆரம்பிச்சு கமலாம்பாள் சரித்திரம், வெளிநாட்டுக்கு தஸ்தயெவ்ஸ்கியோட குற்றமும் தண்டனையும், எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பு, அவங்க பிறந்ததும் காரைக்குடிதான். பழைய பதிப்பா வேணும்னா கோட்டையூர் ரோஜா முத்தையா சேத்து வச்ச பழைய புத்தகச் சரக்கெல்லாம் இப்ப சென்னை தரமணில இருக்கு, கோட்டையூர்லயே இருந்திருந்தா நான் சைக்கிள்ல போயிருப்பேன், என்ன பண்றது.

இப்ப சிலம்போட கடைசிப் பகுதி, வஞ்சிக் காண்டம் ஓடுது. அப்பத்தாவுக்கு இதுல சுத்தமா இஷ்டமில்லை, பிள்ளையே போயிட்டா, அதுக்கப்புறம் ஒரு ராஜா அவளுக்குச் சிலை வைக்க இமயமலைக்குக் கல்லு எடுக்கப் போறதைக் கேக்க நான் எதுக்கு உக்காரணும்னு எந்திரிச்சுப் போயிட்டாக. அந்த ராஜா சேரன் செங்குட்டுவனை நான் ஒத்தைலதான் படிச்சுக்கிட்டிருக்கேன். கைகேயி வரம் கேக்கற அன்னைக்கு மட்டும் மறக்காமக் கூப்புடணுமாம், அவ பக்கத்து நியாயம் கொஞ்சம் பேச வேண்டியிருக்காம்.