மெக்னீசியத் திருகுக்குப் பூச்சு: எங்கே பிடிக்கும், எங்கே உரியும்

பளபளவெனத் தேய்த்த மெக்னீசியத் துண்டு ஒன்றை 37 டிகிரி உப்புக் கரைசலில் போட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே குமிழி கிளம்பிவிடும். வருவது ஹைட்ரஜன். கணக்கு வைக்கச் சுலபமான ஒரு விகிதம் இதில் இருக்கிறது: 1 மில்லிகிராம் மெக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் வாயு. உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் 300 மில்லிகிராம் எடையுள்ள சின்னத் திருகு முழுதும் கரைந்தால் 300 மில்லிலிட்டர். இது ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் திசு உறிஞ்சிக்கொள்ளும், நோயாளிக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வாரத்தில் மொத்தமாக வந்தால் தோலுக்கடியில் காற்றுப்பை கட்டும், எலும்பும் திருகும் ஒட்டவே ஒட்டாது.

பூச்சு எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு கணக்கே போதும். எலும்பு கூடுவதற்குக் குறைந்தது 12 வாரம் வேண்டும். அதுவரை பிளேட்டும் திருகும் பலத்தோடு இருக்க வேண்டும், அதன் பிறகு கரைந்து போக வேண்டும். பிளேட்டை எடுப்பதற்கென்று இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்பதுதான் மெக்னீசியத்தின் மொத்தக் கவர்ச்சியும். கூடவே இன்னொரு வசதி: அதன் விறைப்பு சுமார் 45 கிகாபாஸ்கல். டைட்டானியம் கலவை 110, துருப்பிடிக்காத எஃகு 190க்கு மேல். எலும்பு 10 முதல் 30. சுமையை எஃகு தானே வாங்கிக்கொண்டு எலும்பைச் சோம்பேறியாக்கும். மெக்னீசியம் அந்த அளவுக்குச் செய்யாது.

இது புது யோசனையும் இல்லை. பெல்ஜிய அறுவை மருத்துவர் லம்போட் 1907-லேயே கால் எலும்பு முறிவுக்கு மெக்னீசிய பிளேட் வைத்தார். அதைப் பிடித்து நிறுத்தியவை தங்கமுலாம் பூசிய எஃகு ஆணிகள். 8 நாளில் பிளேட் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது. மெக்னீசியத்தையும் எஃகையும் உப்புநீரில் சேர்த்து வைத்தால் அது ஒரு பேட்டரி, அதில் கரைவது மெக்னீசியம். இன்றைக்கு மெக்னீசிய பிளேட்டுக்கு எஃகு ஆணியை யாரும் போடுவதில்லை. ஆனால் அதே பேட்டரி கண்ணுக்குத் தெரியாத அளவில் உலோகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தூய மெக்னீசியத்தில் இரும்பு சுமார் 170 பிபிஎம் (பத்து லட்சத்தில் 170 பங்கு) அளவைத் தாண்டினால் அரிப்பு வேகம் படிப்படியாகக் கூடாமல், ஒரே தாவாகத் தாவும். நிக்கலுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆகவே பூச்சைப் பற்றிப் பேசுமுன் கலவையின் பகுப்பாய்வுச் சான்றிதழில் இரும்பு, நிக்கல், தாமிரம் மூன்றையும் பாருங்கள். கெட்ட கலவையைப் பூச்சு காப்பாற்றாது, பிரச்சினையை இரண்டு வாரம் தள்ளிப்போடும், அவ்வளவே.

பூச்சு விஷயத்தில் பலரும் எடுத்த எடுப்பிலேயே தவறும் இடம் ஒன்று உண்டு. எவ்வளவு இறுக்கமாகத் தடுக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். கரைய வேண்டிய பொருளின் மேல் கரையாத கவசம் எதற்கு? நமக்கு வேண்டியது முதல் சில வாரம் தாக்குப்பிடித்து, பிறகு எங்கும் ஒரே சீராகத் தோற்கும் பூச்சு. மிக இறுக்கமான பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அரிப்பு அத்தனையும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து உள்ளே குடையும். பெயின்ட் அடித்த இரும்பு கேட்டில் சுரண்டல் விழுந்த இடத்தில் மட்டும் துரு பொரிந்து வருகிறதே, அதே கதைதான். சுமாரான பூச்சு எங்கும் சமமாக இருப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

ஏன் இயற்கைப் படலமே போதவில்லை என்றால், மெக்னீசிய ஆக்சைடு தான் உருவான உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே அடைக்கிறது. கன அளவு விகிதம் 0.81. அதனால் தரையை முழுதாக மூட அதற்குப் பாய் பத்தாது. ஈரத்தில் உண்டாகும் ஹைட்ராக்சைடின் விகிதம் 1.7க்கு மேல், அது மூடும். ஆனால் ரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவில் குளோரைடு ஓடுகிறது. அது ஹைட்ராக்சைடைக் கரையும் குளோரைடாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். பூச்சு உரிந்தால் பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி பூச்சு அல்ல, மேற்பரப்பு. மெக்னீசியத்துக்கென்று புது உப்புத்தாள் கட்டு தனியாக வையுங்கள். எஃகைத் தேய்த்த தாளில் மெக்னீசியத்தைத் தேய்த்தால் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து, ஒவ்வொன்றும் ஒரு குட்டி லம்போட் ஆணியாகிவிடும். கம்பி பிரஷும் அப்படித்தான். 400-ஆம் எண் தாளில் தொடங்கி 1200 வரை போனால் போதும், கண்ணாடி மெருகு வேண்டாம், பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. கடைசித் தாள்களில் தண்ணீருக்குப் பதில் எத்தனால் ஊற்றித் தேய்க்கவும். பிறகு அசிட்டோன், எத்தனால் இரண்டிலும் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வில் கழுவும்) தொட்டியில் ஐந்தைந்து நிமிடம், உடனே சூடான காற்றில் உலர்த்தல். உலர்ந்த மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் காய்ந்த மணல் வாளி இருக்கட்டும். எரியும் மெக்னீசியத்தின் மேல் தண்ணீரும் கூடாது, கார்பன் டைஆக்சைடு சிலிண்டரும் கூடாது.

கடைசலில் வந்த திருகு என்றால் கருவியிலிருந்து ஒட்டிய இரும்பு நிச்சயம் இருக்கும். அதற்கு அமிலக் குளியல்: லிட்டருக்குச் சுமார் 200 கிராம் அசிட்டிக் அமிலம், சுமார் 50 கிராம் சோடியம் நைட்ரேட், அறை வெப்பத்தில் 30 முதல் 60 விநாடி. இது பக்கத்துக்கு 10 முதல் 25 மைக்ரான் வரை தின்றுவிடும். வரைபடத்திலேயே அந்த அளவைக் கூட்டி வைக்காவிட்டால் மரையின் அளவு கெட்டுவிடும்.

பூச்சு முறைகளில் நம்பி எடுக்கக்கூடியது பிளாஸ்மா மின்னாக்சைடு முறை. மைக்ரோ ஆர்க் என்றும் சொல்வார்கள். கரைசலில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தின் மேல் ஆக்சைடுப் படலம் வளர்க்கும் சாமானிய அனோடைசிங்கை 300, 400 வோல்ட்டுக்கு ஏற்றியது மாதிரி. தொடக்கக் கரைசலாக லிட்டர் காய்ச்சிய நீருக்கு ட்ரைசோடியம் பாஸ்பேட் 10 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 2 முதல் 3 கிராம். சிலிக்கேட் சேர்த்தால் படலம் கெட்டியாகும். ஆனால் உடலுக்குள் போகும் பொருளுக்குப் பாஸ்பேட் தனியாகவே போதும் என்பது என் கட்சி. எஃகுத் தொட்டி எதிர்முனை. துண்டைத் தொங்கவிடும் கம்பி அலுமினியமாக இருக்கட்டும், இணைப்பை எபாக்சியால் மூடவும். தாமிரக் கிளிப் கரைசலில் நனைந்தால் ஆட்டம் முடிந்தது. தாமிரத்தில் தடுப்புப் படலம் வராது, மின்சாரம் அத்தனையும் அந்த வழியே ஓடி, கிளிப் கரைந்து கரைசலும் பாழ்.

சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 50 மில்லியாம்பியர் என்று மின்னோட்டத்தை நிலையாக வைத்தால், வோல்ட் முதல் நிமிடத்துக்குள் விறுவிறுவென்று ஏறும். 200-ஐத் தாண்டிய பிறகு ஓரங்களில் மங்கலான மினுக்கம். பிறகு துண்டு முழுவதும் கம்பி மத்தாப்பு கொளுத்தியது போல நுண்ணிய வெள்ளைப் பொறிகள் ஓடும். பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். பொறிகள் சிறியதாய், இடம் மாறிக்கொண்டே இருக்கும் வரை படலம் ஒழுங்காக வளர்கிறது. அவை ஆரஞ்சு நிறமாகிப் பெரிதாகி, ஒரே இடத்தில் நின்று எரியத் தொடங்கினால், சரசரவென்ற ஓசை படபடவென்று மாறினால், அந்த இடத்தில் எரிமலை வாய் மாதிரிப் பெரிய குழி உருவாகிறது என்று அர்த்தம். அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். 5 முதல் 10 நிமிடத்தில் 10 முதல் 20 மைக்ரான் படலம் கிடைக்கும். கரைசலைச் சுற்றோட்டத்தில் விட்டு 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள், சூடேறினால் பொறி சீக்கிரம் முரடாகும். 400 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும் சமாச்சாரம். மூடி திறந்தால் மின்சாரம் தானே துண்டிக்கும் ஏற்பாடும், ஹைட்ரஜன் வெளியேறக் காற்றோட்டமும் இல்லாமல் தொட வேண்டாம்.

கூர் ஓரங்கள்தான் தலைவலி. மரையின் உச்சியில் மின்புலம் குவிவதால் அங்கே பொறி முரடாகி, அடிப் பள்ளத்தில் படலம் மெலிந்து போகும். முன்கூட்டியே ஓரத்தை 0.1 மில்லிமீட்டராவது மழுக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். விட்டு விட்டுப் பாய்ச்சும் துடிப்பு மின்சாரமும் உதவும்.

இப்படி வந்த படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அடியில் ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் அடர்த்தியான அடுக்கு. மேலே உள்ளதெல்லாம் குழியும் கீறலும் நிறைந்த பணியாரச் சட்டி. தனியாக விட்டால் சில நாளிலேயே கரைசல் அடி வரை இறங்கிவிடும். எனவே குழிகளை அடைக்க வேண்டும். முதலில் காய்ச்சிய நீரில் நன்றாக அலசி, எத்தனாலில் முக்கி, 60 டிகிரியில் முழுக்க உலர்த்துங்கள். குழிக்குள் காரக் கரைசல் மிச்சம் இருந்தால் இரண்டு நாளில் வெள்ளை உப்பு பூக்கும், அடைக்கப் போகும் பாலிமரையும் அது அரித்துவிடும். பிறகு டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில், பாலிலாக்டைடு என்றும் சொல்லப்படும், உடலில் கரையும் பாலிமரான பாலிலாக்டிக் அமிலத்தின் 2 அல்லது 3 சதவீதக் கரைசல். துண்டை முக்கி வெற்றிடத்தில் சில நிமிடம் வைத்தால் குழியில் அடைபட்ட காற்று வெளியேறும். அதன் பிறகு அவசரப்படாமல், ஒரே வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் இதைச் செய்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து, படலம் பால் போல வெளுத்துச் சல்லடையாகும். உலர் காற்றுப் பெட்டிக்குள் செய்வதே வழி.

பாலிமரை நேராக வெற்று உலோகத்தில் பூசினால்? முதல் வாரம் அருமையாகத் தெரியும். நீர் மெல்ல ஊடுருவும், அடியில் ஹைட்ரஜன் சேரும், வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளம்பும். ஒரு கொப்புளம் உடைந்தால் அதைச் சுற்றி உரியும். பிடிமானத்துக்கு அடியில் ஆக்சைடோ ஃப்ளோரைடோ, உலோகத்தையும் பாலிமரையும் ஒட்டவைக்கும் சிலேனோ கட்டாயம். பாலிலாக்டைடு சிதையும்போது அமிலம் வரும், மெக்னீசியம் கரையும்போது காரம் வரும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும் என்று கட்டுரைகளில் அழகாக எழுதுவார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் காரமே பாலிமர் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பை வெட்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ரத்த நாளத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டில் கதை வேறு. பலூனில் சுருக்கி, நாளத்துக்குள் விரிக்கும்போது உலோகம் வளைகிறது. பீங்கான் போன்ற ஆக்சைடுப் படலம் அங்கே சில்லுச் சில்லாகப் பெயரும். வளைந்து கொடுக்கும் பாலிமர்தான் அங்கே எடுபடும். 2016-இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற மேக்மாரிஸ் ஸ்டென்ட்டில் சிரோலிமஸ் மருந்தைத் தாங்கிய பாலிலாக்டைடு பூச்சு இருப்பது இதனால்தான்.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து 1 முதல் 3 மைக்ரான் ஃப்ளோரைடு படலம் எடுப்பதும் உண்டு. கன விகிதம் 1.4 என்பதால் நன்றாக மூடும், சிக்கலான வடிவத்திலும் சமமாக வரும். ஆனால் அந்த அமிலம் வலி தெரியாமலே தோலுக்குள் இறங்கும். 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகம் இதைத் தொடவே கூடாது. கால்சியம் பாஸ்பேட்டை மின்படிவாக எடுக்கலாம், எலும்புக்குப் பிடிக்கும். துண்டிலேயே கிளம்பும் ஹைட்ரஜன் குமிழி படிவில் ஓட்டை போடும் என்பதால் துடிப்பு மின்னோட்டம் வைக்க வேண்டும்.

சோதனையில்தான் பெரும்பாலான பொய்கள் பிறக்கின்றன. 5 சதுர சென்டிமீட்டர் துண்டு, 168 மணி நேரத்தில் 10 மில்லிகிராம் இழந்தது என்று வையுங்கள். கிராமில் எடை இழப்பை 87,600 ஆல் பெருக்கி, பரப்பு, மணி, அடர்த்தி 1.74 மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 0.6 மில்லிமீட்டர். நல்ல எண். மேற்பரப்பு முழுவதும் சமமாகப் போயிருந்தால் போனது 11.5 மைக்ரான்தான். அதே 10 மில்லிகிராம் ஒரே அரைக்கோளக் குழியில் போயிருந்தால் குழியின் ஆழம் 1.4 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு அது சாவு மணி. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். சராசரியோடு அதிகபட்சக் குழி ஆழத்தையும் கேளுங்கள்.

கரைசலின் அளவு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிலிட்டராவது வேண்டும். குறைந்தால் பிஎச் 10-ஐத் தாண்டி, ஹைட்ராக்சைடு நிலைத்து நின்று, மட்டமான பூச்சும் நல்ல பூச்சாகத் தெரியும். பிஎச்சைப் பிடித்து நிறுத்த ஹெப்பஸ், டிரிஸ் என்ற தாங்கல் வேதிப்பொருள்களைப் போட்டால் அவையே அரிப்பைத் தூண்டும். உடலைப் போலவே பைகார்பனேட்டும் 5 சதவீத கார்பன் டைஆக்சைடும் வைப்பது சிரமம்தான், ஆனால் நேர்மையானது. வோல்ட்டை மாற்றி மாற்றி அரிப்பு மின்னோட்டத்தை வரையும் டேஃபல் வளைவு ஒன்றை மட்டும் காட்டி பூச்சை விற்பவர்களை நம்ப வேண்டாம். அது பத்து நிமிடப் புகைப்படம். பூச்சு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று வாரக்கணக்கில் எடுத்த மின்மறுப்பு அளவீடும், தலைகீழ்ப் புனலுக்கு மேல் பியூரெட் வைத்துப் பிடித்த ஹைட்ரஜன் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் நாள் வாயுவில் ஒரு பங்கு கரைசலிலேயே கரைந்துவிடும், அந்த வாசிப்பைத் தள்ளிவிடலாம்.

செல் சோதனையிலும் ஒரு பள்ளம் உண்டு. உயிருள்ள செல்களைக் கணக்கிட உதவும் எம்டிடி சாயத்தைச் செல்கள் மட்டுமல்ல, கரையும் மெக்னீசியமும் ஒடுக்கி நிறமாக்கும். செல்லே இல்லாத கிண்ணத்தில் செல் பெருகியதாக எண் வரும்.

கிருமி நீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் வேண்டாம். 121 டிகிரி நீராவி வெற்று உலோகத்தை அரிக்கும், 60 டிகிரியைத் தாண்டினாலே பாலிலாக்டைடும் இளகும். 25 கிலோகிரே (கதிர்வீச்சின் அலகு) காமா கதிர் பாலிமர் சங்கிலியை நறுக்கி, கரையும் நாளை முன்னுக்கு இழுக்கும். காமாதான் வழி என்றால் கதிர் பட்ட துண்டில்தான் அரிப்புச் சோதனை செய்ய வேண்டும், படாத துண்டில் அல்ல. கடைசியாக, திருகை எலும்பில் முறுக்கி ஏற்றிய பிறகு வெளியே எடுத்து மரை உச்சியைப் பாருங்கள். முன்கூட்டி மரை வெட்டாத துளையில் ஏற்றியிருந்தால், நீங்கள் பத்து நிமிடம் மத்தாப்பு கொளுத்திய படலத்தில் பாதி துளையின் வாயிலேயே வெள்ளைத் தூளாகக் கிடக்கும்.