நள்ளிரவில் கேட்ட வலி எண்: சிசேரியன் வலி ஆய்வு ஒன்றை நடத்தி முடித்த விதம்

ஸ்பைனல் ஊசியின் மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். சிசேரியன் ஆன தாய்க்கு வலி ஏறுவதும் அப்போதுதான், குழந்தையை எடுத்துப் பால் கொடுக்க வேண்டியிருப்பதும் அப்போதுதான். வயிற்றின் இரு பக்கமும் டேப் பிளாக் (வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்க வைக்கும் ஊசி) போட்டால் முதல் 24 மணி நேரத்தில் அவருக்குத் தேவைப்படும் மார்பின் குறையுமா என்பதே எங்கள் கேள்வி. மயக்கவியல் பி.ஜி. தீசிஸ்களில் அடிக்கடி எடுக்கப்படும் தலைப்புதான். ஆனால் கேள்வி எளிது என்பதால் வேலை எளிதாகிவிடுவதில்லை. இடறும் இடங்கள் எவை என்பதை இப்போது தொடங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறோம்.

முதலில் எதை அளப்பது என்று முடிவாக வேண்டும். பெரும்பாலானோர் தாய் 0 முதல் 10 வரை சொல்லும் வலி எண்ணையே முதன்மை முடிவாக வைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. வலி 4-ஐத் தொட்டதும் யாராக இருந்தாலும் மருந்து கொடுத்துவிடுவோம், கொடுக்காமல் இருக்கவும் கூடாது. ஆகவே 6ஆவது மணியில் பிளாக் போட்டவர்கள், போடாதவர்கள் என்ற இரு குழுவினரின் வலி எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நிற்கும். வித்தியாசம் தெரிவது எண்ணில் இல்லை, அந்த எண்ணைக் கீழே வைக்க எவ்வளவு மருந்து செலவானது என்பதில். அதனால் 24 மணி நேரத்தில் செலவான மொத்த மார்பினை முதன்மை முடிவாக வைத்தோம். முதல் முறை மருந்து கேட்ட நேரமும் வலி எண்களும் இரண்டாம் நிலைக்குப் போயின.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்தே வருகிறது. 3 மி.கி. குறைந்தால்தான் பயன் என்று கொண்டோம். திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு மாறும் வீச்சு) 4 மி.கி. ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05, பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்றால் 2 × 7.84 × 16 ÷ 9, அதாவது குழுவுக்கு 28 பேர். இடையில் 10 சதவீதம் விலகலாம் என்று சேர்த்தால் 32, மொத்தம் 64. இந்த ஒரு வரிக் கணக்கை கைடிடம் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சாஃப்ட்வேர் கொடுத்தது என்ற பதில் எதிக்ஸ் கமிட்டியில் நிற்காது.

கமிட்டியில் வந்த கேள்விகள் நியாயமானவை. ஸ்பைனலிலேயே 100 மைக்ரோகிராம் மார்பின் சேர்த்தால் போதாதா என்றார்கள். சேர்த்தால் டேப் பிளாக்கால் கூடுதல் பயன் பெரிதாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அதற்கு ப்ரிசர்வேட்டிவ் கலக்காத மார்பின் வேண்டும், மருந்து போட்ட பிறகு நீண்ட நேரம் மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும். இவை இல்லாத வார்டுகளுக்கான ஆய்வு இது என்று எழுதிக் கொடுத்தோம். வலி கூடினால் கொடுக்க டிரமடால் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. பாலூட்டும் தாய்மாருக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. அதனால் டியூட்டி மயக்கவியல் டாக்டர் பக்கத்தில் நின்று 2 மி.கி. மார்பினை ரத்தநாளத்தில் கொடுப்பது, 15 நிமிடம் கழித்தும் குறையவில்லை என்றால் இன்னொரு 2 மி.கி. என்று வைத்தோம். இரு குழுவுக்கும் அடிப்படை ஒன்றே: பாராசிட்டமால் 1 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, டைக்ளோஃபெனாக் 75 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. பிளாக் கிடைக்காத குழு என்பதற்காக ஒரு தாய் குறைவான வலி சிகிச்சையோடு படுத்திருக்கக் கூடாது.

அடுத்து சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். பதிவு எண் வருவதற்கு முன் முதல் நோயாளியைச் சேர்த்துவிட்டால் அந்த ஆய்வுக்குப் பதிவே கிடையாது. படிவம் திரும்பி வருவதற்குப் பொதுவான காரணங்கள் இரண்டு. முதன்மை முடிவை எந்த நேரத்தில் அளக்கிறோம் என்று எழுதாதது ஒன்று. அவர்களின் கேள்விகளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கும்போதே முதல் சேர்ப்புத் தேதி கடந்துபோவது இன்னொன்று. தேதியைத் தாராளமாகத் தள்ளிப் போடுங்கள்.

ஒப்புதலைப் பிரசவ வலியில் இருப்பவரிடம் வாங்கக் கூடாது. தேதி குறித்துச் செய்யும் சிசேரியன்களை மட்டுமே எடுத்தோம். முந்தைய நாள் மாலை, தமிழ்த் தகவல் தாளை வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விட்டு, பிறகே கையெழுத்து. கைநாட்டு என்றால் ஆய்வில் இல்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். அதே மாலையில் எடையும் பார்த்தோம். கேஸ் ஷீட்டில் இருக்கும் எடை பல சமயம் மாதக்கணக்கில் பழையது, மருந்தின் உச்ச அளவோ எடையை நம்பியே இருக்கிறது.

யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, சீட்டில் எழுதி, மூடிய கவரில் வைத்தோம். இந்தக் கவர் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் தேவை. வரிசை எண்களை ஓ.டி. பக்கமே வராத புள்ளியியல் ஆள் தயாரித்தார். 4 பேர், 6 பேர் என்று மாறி மாறி வரும் தொகுதிகள்; ஒவ்வொன்றிலும் இரு குழுவுக்கும் சம எண்ணிக்கை. சாதாரணப் பழுப்புக் கவரை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரிந்துவிடும். சீட்டை அலுமினியத் தாளில் மடித்து வைத்தோம். சீட்டின் மேல் ஒரு துண்டு கார்பன் பேப்பர். கவரின் மேல் நோயாளியின் எண்ணையும் நேரத்தையும் எழுதினால் அது உள்ளே சீட்டிலும் பதியும். பிறகு கவரை மாற்ற முடியாது. கவரைத் திறப்பது தோல் தையல் முடிந்த பிறகுதான். முன்பே திறந்துவிட்டு, ஸ்பைனல் பிடிக்காமல் ஜெனரல் அனஸ்தீசியாவுக்குப் போனால், அந்தத் தாயைக் கணக்கிலிருந்து எடுக்கவும் முடியாது, வைக்கவும் மனம் வராது.

ஸ்பைனல் எல்லோருக்கும் ஒரே மாதிரி: 0.5% ஹெவி புபிவகெய்ன் 2 மி.லி. பிளாக்குக்கு இன்னொரு மரப்பு மருந்தான ரோபிவகெய்ன் 0.2%, பக்கத்துக்கு 20 மி.லி., மொத்தம் 80 மி.கி. 0.25% புபிவகெய்ன் என்றால் இதே கொள்ளளவில் 100 மி.கி. ஆகிவிடும். கிலோவுக்கு 2 மி.கி. என்ற வரம்பில் 45 கிலோ தாய்க்கு 90 மி.கி.தான் இடம், ஸ்பைனலில் ஏற்கெனவே 10 மி.கி. போயிருக்கிறது. அதனால்தான் ரோபிவகெய்ன். மரப்பு மருந்தின் நச்சுக்கு மாற்றான 20% லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்) பாட்டில் அறையிலேயே இருக்க வேண்டும். நச்சு அறிகுறி வந்தால் கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே ஏற்ற வேண்டும். தாய் விழித்திருப்பதால் வாயில் உலோகச் சுவை, நாக்கு மரப்பு, காதில் இரைச்சல் பற்றிக் கேட்டுக்கொண்டே போடலாம்.

அல்ட்ராசவுண்டின் லீனியர் ப்ரோபை விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, அக்குளின் நடுக்கோட்டில் குறுக்காக வையுங்கள். மூன்று தசை அடுக்குகள் தெரியும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஊசி முனை நிற்க வேண்டும். முதலில் 2 மி.லி. சலைன். சரியான இடம் என்றால் கருப்பாக ஒரு லென்ஸ் வடிவம் விரிந்து இரு அடுக்குகளும் பிரியும். தசையே உப்பினால் ஊசி தசைக்குள் இருக்கிறது, நகர்த்துங்கள். பிரசவித்த வயிற்றில் இந்தத் தசைகள் மெலிந்து தளர்ந்திருக்கும், பெரிட்டோனியம் (குடல் இருக்கும் வயிற்றறையின் உறை) நினைப்பதைவிட அருகில் இருக்கும். முனை தெரியாமல் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே தள்ளாதீர்கள். பிளாக் இல்லாத குழுவுக்கும் அதே பத்து நிமிடம், அதே திரை, அதே ஜெல், இரு பக்கமும் அதே சிறு பிளாஸ்டர். ஊசி மட்டும் இல்லை. வயிறு மரத்திருப்பதால் தாய்க்கு வித்தியாசம் தெரியாது. பிளாக் போட்டவர் வலி எண் கேட்கப் போகக் கூடாது.

இனி வார்டு. ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லும் முறையை முந்தைய மாலையே பழக்கிவிட வேண்டும்: "வலி சுத்தமா இல்லைன்னா 0, இதுக்கு மேல ஒரு வலி இருக்கவே முடியாதுன்னா 10." ஆப்பரேஷன் முடிந்து முதன்முறையாகக் கேட்டால் வரும் பதில் "பரவால்ல டாக்டர்" என்பதுதான். அது எண் அல்ல. பல தாய்மார் 7-இல் இருந்துகொண்டே அப்படிச் சொல்வார்கள். டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம், மருந்து பாலில் இறங்கிவிடுமோ என்ற பயம். கூட இருக்கும் அம்மாவோ மாமியாரோ முந்திக்கொண்டு "லேசாத்தாங்க இருக்கு" என்பதும் உண்டு. அவர்களை அன்போடு நிறுத்திவிட்டுத் தாயிடமே திரும்பக் கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி: "தையல் போட்ட இடத்துல எரியுதா, குத்துதா? இல்ல அடிவயித்துல இழுத்துப் பிடிக்குதா?" டேப் பிளாக் வயிற்றுச் சுவரின் வலியைத்தான் அடக்கும். கர்ப்பப்பை சுருங்கும் வலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பால் கொடுக்கும்போது அந்த இழுப்பு கூடும். இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பினால், நன்றாக வேலை செய்த பிளாக்கும் தோற்றதுபோலத் தெரியும். தனித்தனி எண்ணாக எழுதினோம். அதோடு, படுத்திருக்கும்போது ஓர் எண், இருமச் சொல்லி ஓர் எண். அசையாமல் படுத்திருக்கும் தாய்க்கு 2; இருமினால் 6. அவர் எழுந்து குழந்தையைத் தூக்குவதை முடிவு செய்வது அந்த 6.

வார்டில் வழக்கப்படி யாராவது கூடுதலாக ஒரு டைக்ளோ ஊசி போட்டுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒவ்வொரு ஷிஃப்ட் ஸ்டாஃப் நர்ஸிடமும் நேரில் சொன்னோம், கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் மஞ்சள் சீட்டும் ஒட்டினோம். மருந்து கேட்ட நேரம் வேறு, கொடுத்த நேரம் வேறு. இரண்டையும் எழுத வேண்டும். மார்பின் பூட்டிய அலமாரியிலிருந்து கையெழுத்துப் போட்டு வர வேண்டியிருப்பதால், கொடுத்த நேரத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கேட்ட நேரத்துக்கு அப்படி எந்தச் சாட்சியும் இல்லை. காது கொடுத்துக் கேட்டவர் உடனே எழுதினால்தான் உண்டு.

முடிவுக் கணக்கில் இரண்டு மட்டும். கடைசிவரை மருந்தே கேட்காத தாய்மார் இருப்பார்கள். அவர்களுக்கு 24 மணி என்று போட்டுச் சராசரி எடுக்காமல் கப்லான்-மையர் முறையில் (கேட்காமலே முடிந்தவர்களையும் அப்படியே கணக்கில் எடுக்கும் முறை) போகவும். பிளாக் சரியாக விழாத தாயும் பிளாக் குழுவிலேயே இருக்க வேண்டும்.

பகல் 12 மணிக்கு பிளாக் முடிந்தால் 12ஆவது மணி எண் நள்ளிரவில் வரும். தாய் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாமல் "தூக்கம்" என்று எழுதலாம் என புரோட்டோகாலிலேயே வைத்தோம். போகவே முடியாத இரவுகளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் காரணத்தை எழுதினோம். காலையில் போய் "ராத்திரி எப்படிம்மா இருந்துச்சு" என்று கேட்டு எதையும் நிரப்பவில்லை.