தெரியாத வினாக்களில் எத்தனை சரியாகும்? குரூப் 4 பயிற்சியில் நான் போட்ட கணக்கு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குத் தயாரான காலத்தில், மாதிரித் தேர்வில் வந்த மதிப்பெண்ணில் எவ்வளவு படிப்பால் வந்தது, எவ்வளவு குருட்டாம்போக்கில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அத்தேர்வில் 200 கொள்குறி வினாக்கள். வினாவுக்கு ஒன்றரை வீதம் 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை. தரப்படும் நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் சரியாகும் நிகழ்தகவு 1/4 என்பதால், தாள் முழுவதையும் அப்படியே நிரப்புபவருக்குச் சராசரியாக 50 விடைகள் சரியாகி 75 மதிப்பெண் கிடைக்கும். தரவரிசையில் இடம்பெறக் குறைந்தபட்சம் 90 வேண்டும். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஆறு வினாக்களுக்குச் சற்று மேல் என்பதால் நூற்றில் ஆறு பேர் அளவுக்கு அந்த 90-ஐத் தொட்டுவிடலாம். ஆனால் தமிழ்த் தகுதிப் பகுதியின் 100 வினாக்களில் 40 சரியாக வேண்டும் என்ற நிபந்தனையை வெறும் ஊகத்தால் தாண்டுவது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அரிது.

அரைகுறையாகத் தெரிந்த வினாக்களில்தான் மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. பழைய வினாத்தாள்களை எழுதும்போது, இரண்டு விடைகளுக்கு இடையே தயங்கிய வினாவுக்கு 2 என்றும், எதுவுமே பிடிபடாததற்கு 4 என்றும் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். சென்னை மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறியது நடைமுறைக்கு வந்த ஆண்டு 1956, 1967, 1969, 1972 ஆகியவற்றில் எது என்று கேட்டால், மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956-ஐயும், காலம் கடந்த 1972-ஐயும் நீக்கிவிடலாம். சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறிய 1967-உம், அது நடைமுறைக்கு வந்த 1969-உம் மிஞ்சும்போது நிகழ்தகவு 1/2 ஆகிவிடுகிறது. ஒரு தாளில் 2 என்று 24 வினாக்களும், 4 என்று 16 வினாக்களும் இருந்தால் 12-உம் 4-உமாக 16 சரியாகும் என எதிர்பார்க்கலாம். நாற்பதையும் கண்மூடி நிரப்பினால் கிடைப்பது 10. இந்த ஆறு வினாக்களின் 9 மதிப்பெண், இத்தனை பேர் எழுதும் தேர்வில் மிகப் பெரிது.

பின்னர் விடைக்குறிப்போடு ஒப்பிட்டேன். வரலாற்றில் 2 என்று குறித்தவற்றில் ஏறத்தாழப் பாதி சரியாயின. அரசியலமைப்புப் பிரிவுகளிலோ பாதிக்கும் குறைவாகவே தேறின. தயங்குபவர் எந்த எண்ணில் விழுவார் என்பதை அறிந்தே வினா அமைப்பவர் அதைப் பக்கத்தில் வைக்கிறார் என்பதால், அப்பகுதியை முதலிலிருந்து மீண்டும் படித்தேன்.

விடைத்தாளில் நான்கு விடைகளுக்கு அடுத்துள்ள ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே தேர்வறையில் 4 என்று குறித்த வினாக்களுக்கும் ஏதேனும் ஒரு விடையையே நிரப்பினேன். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மூன்றிலொரு பங்கு கழிவு உண்டென்பதால் கண்மூடி நிரப்புவதன் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது சராசரியாகக் கிடைக்கும் மதிப்பெண், சுழியமாகிவிடுகிறது. அங்கே ஒரு விடையையாவது நீக்க முடிந்தால்தான் ஊகம் பயன் தரும்.