ஊசிக்கு முன்னால் ஒரு பட்டியல்

2021 செப்டம்பர் 1 முதல் கல்லூரிகள் திறக்கப்படும் என்றும், ஆசிரியர்களும் பணியாளர்களும் மாணவர்களும் கொரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தபோது, பாளையங்கோட்டையை அடுத்த எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த என்னிடம் முகாம் ஏற்பாடு வந்து சேர்ந்தது. கையில் இருந்தது பத்தே நாள். ஊசி போடுவது செவிலியர் வேலை, நாம் இடமும் நாற்காலியும் கொடுத்தால் போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் முதல் சந்திப்பிலேயே அந்த எண்ணத்தைக் கலைத்தார். வளாகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு எத்தனை பேர் உறுதியாக வருவார்கள் என்று கேட்டார். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். மிச்சத்தை எடுத்துவைத்து மறுநாள் போட முடியாது. ஆகவே எழுபத்து மூன்று பேர் என்றால் அது அவருக்கு எழுபது அல்லது எண்பது. கடைசிக் குப்பியைத் திறப்பதற்கு முன் பத்துப் பேர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு அந்தப் பத்து நாளும் மந்திரம்போல ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் கேட்டதும் பட்டியல் கிடைத்தது. அதில் சம்பளப் பதிவேட்டில் உள்ளவர்களும் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள மாணவர்களும் இருந்தார்கள். விடுதியில் இட்லி அவிப்பவர்கள், ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பெண்கள், இரவுக் காவலர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர், வாடகைப் பேருந்துகளின் ஓட்டுநர்கள் ஆகிய யாரும் இல்லை. நாள் முழுக்க மாணவர்களோடு அதிகம் பழகுகிறவர்களே விடுபட்டுப் போன பட்டியலை வைத்துக்கொண்டு வளாகத்தை ஆயத்தப்படுத்திவிட்டதாகச் சொல்வது கேலிக்கூத்து. எனவே மாணவத் தொண்டர்கள் இருவரை இரண்டு நாள் அதிகாலை ஐந்தரை மணி முதல் வாசலில் நிறுத்தி, உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதச் செய்தேன். எனக்குத் தெரிந்து அந்த முகாமுக்காக நாங்கள் செய்த உருப்படியான வேலை அதுதான்.

பட்டியலில் பெயர் மட்டும் போதவில்லை. முதல் தவணை போட்டாயிற்றா, எந்த ஊசி, எந்தத் தேதி, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் எந்தக் கைப்பேசி எண்ணில் பதிவு என்பவற்றோடு, மே மாத அலையில் கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் அதற்கும் ஒரு கட்டம் தேவைப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு ஜூலையிலேயே அனுமதி வந்திருந்தும், ஓர் ஆசிரியையின் பெயருக்கு நேரே யாரோ 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். மருத்துவரோடு அவரே பேசிய பிறகு அதை அடித்தோம். நம் பக்கத்துப் பெயர்களோ தனித் தொல்லை. ஒரே பட்டியலில் ஏழெட்டு இசக்கி, அதே அளவுக்குப் பேச்சி, சுடலை; ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆதாரில் ஒன்று, கல்லூரிப் பதிவில் வேறொன்று; தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். சான்றிதழில் பிழை வந்தால் பின்னர் அலைவது அவர்கள்தான் என்பதால், ஆதாரில் உள்ளபடியே எழுதினோம்.

அச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தது எல்லார் வீட்டிலும் பேச்சாக இருந்தது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய நிபுணர் குழு சொன்ன செய்தி எங்கள் முகாம் முடிந்த பிறகு, அக்டோபரில்தான் வந்தது. மாணவர்கள் பெரும்பாலும் தயாராகவே இருந்தார்கள், மறுத்தது வீடு. முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் தாய்மார் தொலைபேசியில் அழைத்தபோது, ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம், பாரசிட்டமால் கொடுப்போம், விடுதியில் இரவும் ஆள் இருக்கும் என்று சொன்னேன். வரக்கூடியதை முன்கூட்டியே சொன்னபோதுதான் நம்பினார்கள்.

துப்புரவுப் பெண்களின் தயக்கம் வேறு வகை. அவர்களில் மூத்தவர் என்னிடம், "ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சலடிக்கும்னு சொல்லுதாவல்லா டீச்சர், அந்த ரெண்டு நாள் கூலிய யாரு தருவா?" என்று கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்த விழிப்புணர்வுச் சுவரொட்டி எதிலும் அதற்குப் பதில் இல்லை. ஒப்பந்ததாரர் கையை விரித்துவிட்டார். முதல்வரிடம் மூன்று முறை போய், கல்லூரி நிதியிலிருந்து இரண்டு நாள் கூலி என்று எழுத்தில் வாங்கி வந்த மறுநாள் அவர்கள் அனைவரும் பெயர் கொடுத்தார்கள்.

முகாமை செப்டம்பர் 3, வெள்ளிக்கிழமைக்கு வைத்தோம். காய்ச்சல் வந்தாலும் சனி, ஞாயிறோடு போய்விடும் என்பது கணக்கு. ஆனால் சமையல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் விடுதிக்குச் சோறு கிடையாது. அதனால் அவர்களில் பாதிப் பேரை நிறுத்தி, செப்டம்பர் 12 அன்று தமிழகம் முழுவதும் நடந்த மெகா முகாமுக்கு அனுப்பினோம். காத்திருக்க, ஊசி போட, அரை மணி நேரம் கண்காணிக்க என்று மூன்று அறைகள் ஒதுக்கினோம். ஊசி போடும் அறை வரிசையில் நிற்பவர் கண்ணில் படாதபடி திரை கட்டியிருந்தும், அதன் இடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு பையன் மயங்கிச் சாய, பின்னால் நின்ற இருவரும் சாய்ந்தார்கள். மூவரும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். விடுதியில் ஏழு மணிக்கே இட்லி என்று அறிவித்திருந்தேன். வீட்டிலிருந்து வருபவர்களை நினைக்கவில்லை.

கடைசிக் குப்பிக்கு ஏழு பேர்தான் இருந்தார்கள். வாசலில் பதனீர் விற்ற அண்ணாச்சியும், அவரிடம் குடித்துக்கொண்டிருந்த ஆட்டோ ஓட்டுநர் இருவரும் பத்தை நிறைத்தார்கள்.

எண்பத்து நான்கு நாள் கழித்து, நவம்பர் 26 அன்று இரண்டாம் தவணை. மழையில் வருகை குறைந்ததால் அடுத்த வாரமும் ஒரு நாள் வைத்தோம். பதினெட்டு நிறையாத முதலாண்டு மாணவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவேக்சின் போடலாம் என்றானதும் மறுபடியும் பட்டியல் எடுக்க உட்கார்ந்தேன். கூலி கேட்ட அதே அம்மா அறை வாசலில் வந்து நின்றார். மகளுக்குப் பதினாறு வயது, எட்டாவதோடு நின்று வீட்டில் பீடி சுற்றுகிறாளாம். "பள்ளிக்கூடத்துல போடுதாவளாம். அங்க அவ பேரு கிடையாதுல்லா டீச்சர். ஒங்க நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.